வாசகர் கேள்வி – பதில்: எட்டு ஓநாயும் ஒரு ஃபைட்டரும்

சென்ற இதழில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டில் துணை உயிர்களை வரவழைக்கும் மந்திரங்கள் அளவுக்கு மீறிய பலம் தருகின்றனவா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வருகிற உயிரின் பலம் பெரிதல்ல, யார் எத்தனை தடவை ஆடுகிறார்கள் என்பதே பெரிது என ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று பெரம்பூர் முதல் எண்ணூர் வரை பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு பதிப்பு என்று குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளையே சொல்கிறேன் என்று கொள்க.

கேள்வி: எங்கள் குழுவில் நான் வாள்வீரனான ஃபைட்டர், என் நண்பன் இயற்கை மந்திரவாதியான டுரூயிட். ஐந்தாம் லெவல் வந்ததிலிருந்து அவன் விலங்குகளை வரவழைக்கும் ‘கான்ஜர் அனிமல்ஸ்’ மந்திரம் போட்டு எட்டு ஓநாய்களை இறக்கிவிடுகிறான். எனக்கு அடிக்க எதிரியே மிஞ்சுவதில்லை. இது நியாயமா? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

பதில்: நியாயமில்லை, தம்பி. ஆனால் குறை ஓநாயிடம் இல்லை. ஓர் ஓநாயைத் தனியே எடுத்துப் பாருங்கள்: உயிர்ப்புள்ளி 11, கவச எண் (அடி விழ எதிராளியின் பகடையும் கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 13, தாக்கும்போது பகடையோடு கூட்டுவது 4, ஒரு கடிக்குச் சராசரிச் சேதம் 7. ஐந்தாம் லெவல் எதிரிகளுக்கு முன்னால் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அதற்கு ‘பேக் டாக்டிக்ஸ்’ என்ற குணம் உண்டு. எதிரியை ஒட்டிக் கூட்டாளி ஒருவர் நின்றால் போதும், இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். எதிரியின் கவச எண் 15 என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி தவற வேண்டிய கடி, இந்தக் குணத்தால் நான்கில் மூன்று பங்கு விழுந்துவிடுகிறது. எட்டு ஓநாய்க்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இருபது விழுந்தால் சேதப் பகடை இரட்டிக்கும் கிரிட்டிக்கலை விட்டுவிட்டாலும் ஒரு சுற்றுக்கு 42 புள்ளிச் சேதம் வருகிறது. அதே எதிரியை ஸ்ட்ரென்த் (உடல்வலு) 18 உள்ள ஐந்தாம் லெவல் ஃபைட்டர் இருகை வாளால் இரண்டு வெட்டு வெட்டினால் சராசரியாக 14 சொச்சம்தான் வரும். உங்கள் நண்பர் ஒரே மந்திரத்தில் மூன்று ஃபைட்டர்களைக் களத்தில் இறக்கிவிட்டு, அடுத்த சுற்றுக்கான தன் சொந்த ஆக்‌ஷனையும் கையிலேயே வைத்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அதே மந்திரத்துக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு. ஓர் உயிரின் வலிமையைச் சொல்லும் சவால் எண் கால் என்றால் எட்டு விலங்கு, அரை என்றால் நான்கு, ஒன்று என்றால் இரண்டு, இரண்டு என்றால் ஒன்று என்று விதி நான்கு வழிகளைத் தருகிறது. மந்திரம் போடக் கையிருப்பில் உள்ள வாய்ப்பான அதே ஸ்லாட்டைச் செலவழித்து சவால் எண் 1 உள்ள டயர் வுல்ஃப் என்னும் பெரிய ஓநாய் இரண்டை அவர் அழைத்திருந்தால், அதே எதிரிக்கு எதிராகச் சுற்றுக்குச் சுமார் 16 புள்ளிதான் வந்திருக்கும், அதாவது கூடுதலாக ஒரு ஃபைட்டர் வந்து நின்ற அளவு. மூன்றாம் படி (படி என்பது மந்திரத்தின் தரம்) மந்திரம் ஒன்றுக்கு அது கௌரவமான பலன். விதியை எழுதியவர்கள் நான்கு வழிகளும் சமம் என்று கருதியிருக்க வேண்டும். ஆனால் சவால் எண்ணைப் பாதியாக்கி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கணக்கு சரியாகிவிடாது, ஏனென்றால் ஒவ்வொரு தலையும் தனக்கென்று ஒரு தாக்குதலைக் கொண்டுவருகிறது.

இன்னொன்று, கட்டம் போட்ட தாளில் ஆடுகிறவர்களுக்குத்தான் இது புரியும். நடுத்தர உருவமுள்ள ஓர் எதிரியைச் சுற்றி மொத்தமே எட்டுக் கட்டங்கள். எட்டு ஓநாயும் போய் நின்றுவிட்டால், வாளை உருவிக்கொண்டு ஓடிவரும் உங்களுக்குக் கால் வைக்க இடமில்லை. ஹால்பர்ட் போலப் பத்தடி எட்டும் ஆயுதம் வைத்திருந்தால் பின்வரிசையிலிருந்து குத்தலாம்; இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கலாம். நண்பரிடம் சண்டை போடுவதற்கு முன், ‘ஆறு கட்டம் உனக்கு, இரண்டு கட்டம் எனக்கு’ என்று பேசிப் பாருங்கள்.

கேள்வி: நான் கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டராக இருக்கிறேன். பலம் கூடியதா குறைந்ததா என்பதைவிட, டுரூயிட்டின் முறை வந்தால் மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவதுதான் என் தலைவலி. என்ன செய்வது? (வாசகி, ராயபுரம்)

பதில்: சகோதரி, நீங்கள் சொல்வதுதான் உண்மையான சமநிலைப் பிரச்சினை என்பது என் துணிபு. கேரம் ஆட்டத்தில் காயைப் போட்டவர் போட்டுக்கொண்டே போகிறார், எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அங்கே காய் விழாத நொடியில் ஸ்டிரைக்கர் கைமாறிவிடும். ஓநாய் தவறவிட்டாலோ அடுத்த ஓநாய் காத்திருக்கிறது. எட்டு ஓநாய்க்கு இரண்டிரண்டாகப் பதினாறு பகடை, விழுந்த கடிக்கெல்லாம் சேதப் பகடை, கடிபட்டவர் கீழே விழாமல் இருக்க 11ஐ எட்ட வேண்டிய ஸ்ட்ரென்த் பகடைச் சோதனை, இத்தனையும் ஒருவருடைய ஒரே முறையில். விம்கோ நகருக்குக் கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டியவர் ஒருவர் உங்கள் மேசையில் இருந்தால், ஒரு சண்டையே அன்றைய மாலையைத் தின்றுவிடும்.

விதிகளுக்கு உள்ளேயே மருந்து இருக்கிறது. முதலாவது, எண்ணிக்கையைத் தேர்ந்தெடுப்பவர் ஆடுபவர், எந்த விலங்கு வருகிறது என்பதை முடிவு செய்பவர் நீங்கள். இது வெளியீட்டாளர் தந்த அதிகாரபூர்வ விளக்கம். சதுப்பு நிலத்தில் எட்டு ஓநாய்க்குப் பதில் எட்டு ராட்சதத் தவளைகள் வந்தால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இந்த அதிகாரத்தை அடிக்கடி எடுக்க வேண்டாம். தவளையே வரும் என்று தெரிந்தபின் எந்த டுரூயிட்டும் அந்த மந்திரத்தைத் தொடமாட்டார், நீங்கள் தடை செய்துவிட்டு அதைத் தடை என்று சொல்லாமல் இருப்பதாகிவிடும். நாலாம் படியில் வரும் ‘கான்ஜர் உட்லண்ட் பீயிங்ஸ்’ மந்திரத்துக்கு மட்டும் தயங்காமல் பயன்படுத்துங்கள். எட்டுப் பிக்ஸிகள் (குட்டித் தேவதைகள்) வந்து ஒவ்வொன்றும் ஆளுக்கொரு ‘பாலிமார்ஃப்’ (உருமாற்றம்), ஆளுக்கொரு ‘ஃப்ளை’ (பறத்தல்) என்று தொடங்கினால், நீங்கள் எழுதிவைத்த கதை அன்றோடு முடிந்தது.

இரண்டாவது, சேதத்துக்குப் பகடை உருட்டாமல் அரக்கர் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சராசரியையே, அதாவது ஓநாய்க்கு 7 என்றே, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாவது, டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கும்பல் தாக்குதலுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. தாக்க வேண்டிய எண் 6 முதல் 12க்குள் இருந்தால் இரண்டு பேர் அடித்தால் ஒருவர் அடி விழுகிறது, 13 அல்லது 14 என்றால் மூன்று பேருக்கு ஒன்று, 15 அல்லது 16 என்றால் நான்கு பேருக்கு ஒன்று. நம் கவச எண் 15 எதிரிக்கு ஓநாய்க்குத் தேவை 11. ஆகவே எட்டில் நான்கு கடி, 28 புள்ளி, அடுத்தவர் முறை. அட்டவணை, இரண்டு தடவை உருட்டும் சலுகையான அட்வான்டேஜைக் கணக்கில் எடுப்பதில்லை என்று டுரூயிட் முறையிடுவார். முறையிடட்டும், 42ஐ 28 ஆக்கியது நேரம் மிச்சப்படுத்தியதற்கான கூலி என்று நான் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

கேள்வி: ஒரே ஒரு ‘ஃபயர்பால்’ (நெருப்புப் பந்து) மந்திரம் போட்டால் எட்டு ஓநாயும் சாம்பல். பிறகு அதை எப்படி அதிகப் பலம் என்கிறீர்கள்? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: வாதம் சரி, பாதி தூரம் வரை. ஃபயர்பாலின் சராசரிச் சேதம் 28. சோதனையில் தேறிய ஓநாய்க்கும் பாதியான 14 வந்து சேரும், அதன் உயிரோ 11. ஆகவே சாதாரண டுரூயிட்டின் படைக்கு இது சரியான எதிர்மருந்துதான். ஆனால் எத்தனை எதிரிகள் ஃபயர்பால் போடத் தெரிந்தவர்கள்? ஓர்க்குகளும் ஓகர்களும் ஒவ்வொருவராகத்தான் அடிக்கிறார்கள்.

மேலும் 2017இல் வந்த ‘சர்க்கிள் ஆஃப் தி ஷெப்பர்ட்’ என்னும் டுரூயிட் பிரிவு இந்த மருந்தையும் முறித்துவிட்டது. அந்த டுரூயிட் ஆறாம் லெவலை எட்டியதும், அவர் வரவழைக்கும் விலங்குக்கு உயிர்ப்புள்ளியைக் கணிக்கும் ஒவ்வொரு உயிர்ப் பகடைக்கும் 2 புள்ளி கூடுகிறது. ஓநாய்க்கு உயிர்ப் பகடை இரண்டு, ஆகவே 11 என்பது 15 ஆகிறது. அதே முறையில், கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனாகக் கரடி ஆவியையும் இறக்கினால், அந்த ஆவியைச் சுற்றிய வட்டத்துக்குள் அவர் விரும்பும் ஒவ்வோர் உயிருக்கும் 5ஐயும் டுரூயிட் லெவலையும் கூட்டிய தற்காலிக உயிர், ஆறாம் லெவலில் 11, கிடைக்கும். மொத்தம் 26. இப்போது ஃபயர்பாலில் சோதனையில் தேறியவை எல்லாம் நின்று கடிக்கும், சேதப் பகடை குறைவாக விழுந்தால் தேறாதவையும் தப்பும். போதாக்குறைக்கு அவற்றின் கடி மாயத் தாக்குதலாகவும் கணக்கிடப்படுகிறது. ஏற்கெனவே முன்னால் இருந்த ஒருவருக்கு வெளியீட்டாளர் கொடுத்த இந்தச் சீதனம் எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று.

கேள்வி: டுரூயிட்டை விடுங்கள். ரேஞ்சர் (காட்டுவீரர்), வார்லாக் (ஒப்பந்த மந்திரவாதி), விஸார்ட் (படித்த மந்திரவாதி), கிளெரிக் (கடவுள் அருள் பெற்றவர்), இவர்களுள் வரவழைப்பதில் யார் ஏமாற்றப்பட்டவர்? (வாசகர், கொளத்தூர்)

பதில்: சந்தேகமே இல்லாமல் ரேஞ்சர். கான்ஜர் அனிமல்ஸ் அவர் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் மூன்றாம் படி மந்திரம் அவர் கைக்கு வருவது ஒன்பதாம் லெவலில். அப்போது டுரூயிட்டிடம் ஐந்தாம் படி ஸ்லாட் இருக்கும், அந்தப் படியில் எண்ணிக்கை இரட்டிப்பு. ஒரே மேசையில் ஒரே லெவலில் ரேஞ்சர் எட்டு ஓநாயோடு பெருமையாக வந்து நிற்க, பக்கத்தில் டுரூயிட் பதினாறோடு நிற்பார். விலங்கோடு வாழ்வதற்கென்றே செய்யப்பட்ட ‘பீஸ்ட் மாஸ்டர்’ ரேஞ்சரின் நிலைமை இன்னும் பரிதாபம்: 2014 விதிப்படி அவருடைய விலங்கு கடிக்க வேண்டுமென்றால் அவர் தன் ஆக்‌ஷனை விட்டுக்கொடுக்க வேண்டும். டுரூயிட்டின் எட்டு ஓநாய்க்கு வாய்ச்சொல் போதும், ரேஞ்சரின் ஒரே நாய்க்கு எஜமானன் கை ஓய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. 2020இல் வந்த டாஷா என்னும் கூடுதல் விதிப் புத்தகம் அதைப் போனஸ் ஆக்‌ஷனாக மாற்றிய பிறகுதான் அந்த வகுப்பு நிமிர்ந்தது.

விஸார்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பிணங்களை எழுப்பும் ‘அனிமேட் டெட்’ மந்திரத்துக்கு கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரம் கலையாமல் காக்கும் மன ஒருமை, தேவையில்லை. டுரூயிட்டின் மேல் ஓர் அம்பு பட்டு, 10 அல்லது சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அதற்கு எதிரான சோதனையில் அவர் தோற்றால் ஓநாய்கள் எல்லாம் மாயமாகிவிடும். எலும்புக்கூடுகளோ எஜமானன் மயங்கி விழுந்தாலும் நிற்கும். நெக்ரோமான்ஸி (பிண வித்தை) பயின்ற ஆறாம் லெவல் விஸார்ட் ஒருவர், தன் மூன்றாம் படி ஸ்லாட் மூன்றையும் தினமும் இதற்கே செலவிட்டால், ஒன்றுக்கு நான்கு வீதம் பன்னிரண்டு எலும்புக்கூடுகளைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் உயிர் 19, அடிக்குச் சராசரி 8.5. கவச எண் 15க்கு எதிராகச் சுற்றுக்கு 51 புள்ளி, அதுவும் வில்லோடு தூரத்திலிருந்து. காகிதத்தில் இது ஓநாயையும் தாண்டுகிறது. ஆனால் அவரிடம் அன்றைக்கு ஒரு ஃபயர்பாலும் மிஞ்சாது, எதிரியின் மந்திரத்தை முறிக்கும் ஒரு கவுன்டர்ஸ்பெல்லும் மிஞ்சாது. இருபத்துநான்கு மணி நேரம் ஆனதும் மந்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால் எலும்புகள் பேச்சைக் கேட்காது. பன்னிரண்டு எலும்புக்கூடுகளோடு எந்த ஊர் எல்லைக்குள்ளும் நுழைய முடியாது. விலை கொடுத்து வாங்கிய பலம் என்பதால் எனக்கு இதில் ஆட்சேபம் குறைவு. பன்னிரண்டு பகடைதான் பயமுறுத்துகிறது. அதே மந்திரம் கிளெரிக்குக்கும் உண்டு, ஆனால் அந்தக் கூடுதல் உயிரும் சேதமும் கிடையாது.

வார்லாக்கைப் பற்றிப் பலரும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். பத்தாம் லெவல் வரை அவருக்கு ஸ்லாட் இரண்டுக்கு மேல் இல்லை என்றாலும், அவை எப்போதும் அவர் லெவலுக்கு உரிய மேல்படியிலேயே இருக்கும், சிறு ஓய்வு எடுத்தாலே திரும்பிவரும். டாஷா புத்தகத்தின் ‘சம்மன் அன்டெட்’ போன்ற மந்திரங்களில் வருகிற ஆவி, மந்திரப் படியில் பாதி எத்தனையோ அத்தனை தடவை தாக்கும்; ஏழாம் லெவல் வார்லாக்கின் ஸ்லாட் நாலாம் படி, ஆகவே எப்போது அழைத்தாலும் இரண்டு தாக்குதல். எதிரியைச் சபிக்கும் ‘ஹெக்ஸ்’ மந்திரமும் அதே கான்சன்ட்ரேஷனைக் கேட்பதால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான் பார்த்தவரை, எந்த மேசையிலும் யார் முறையையும் தின்னாமல் ஒழுங்காக நடக்கும் வரவழைப்பு இதுதான்.

கேள்வி: என் பேரன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நம் ஊர்க் கதைகளில் குட்டிச்சாத்தானை ஏவினவன் அதற்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஏவினவனையே அடிக்கும் என்பார்கள். இந்த விளையாட்டில் அந்தப் பயம் உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்)

பதில்: உண்டு, ஐயா. நல்ல வேளையாக அந்தக் கதை தெரியாதவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பூதத்தை வரவழைக்கும் ‘கான்ஜர் எலிமென்டல்’ மந்திரத்தில் கான்சன்ட்ரேஷன் கலைந்தால் பூதம் மறையாது. கட்டுப்பாடு அறுந்து, அழைத்தவர்மேலேயே பாயும், எஞ்சிய நேரம் முழுவதும் அங்கேயே இருக்கும். ‘சம்மன் கிரேட்டர் டீமன்’ இன்னும் கறாரானது: பேய் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் கரிஸ்மா சோதனை செய்யும், தேறினால் தளை அறுந்தது. அதன் உண்மைப் பெயர் தெரிந்தால் அந்தச் சோதனையில் பேய்க்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும்). பெயரைத் தெரிந்துகொண்டு கட்டுப்படுத்துவது நம் மந்திரவாதக் கதைகளுக்கும் புதிதல்ல என்பதை நீங்கள் பேரனுக்குச் சொல்லலாம்.

சமநிலை என்று பார்த்தால், பலத்தைக் குறைக்காமல் ஆபத்தைக் கூட்டும் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆடுபவருக்கு எப்போது அழைப்பது, எங்கே நிற்பது என்ற யோசனை வருகிறது. ஓநாய்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் முதல் கடிதம் வந்திருக்காது.

கேள்வி: நாங்கள் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு மேசை விளையாட்டு ஆடுகிறோம். அதில் ‘சம்மனர்’ என்று தனி வகுப்பே இருக்கிறதே, அது சமநிலையானதா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: எந்தச் சம்மனர் என்பதைப் பொறுத்தது. 2010இல் வந்த முதல் சம்மனர், விளையாட்டு எழுதுவோருக்கு ஒரு பாடம். அவருடைய ‘ஐடோலன்’ என்னும் துணை உயிரை ஆடுபவரே பரிணாமப் புள்ளிகள் கொண்டு கட்டலாம். கை வேண்டுமா, நகம் வேண்டுமா, பாய்ந்து அடிக்கும் திறன் வேண்டுமா என்று பொறுக்கி எடுத்தால், குழுவின் ஃபைட்டரைவிட நன்றாக அடிக்கும் ஒன்று தயாராகிவிடும். அது இல்லாத நேரத்தில் ‘சம்மன் மான்ஸ்டர்’ ஆற்றலும் உண்டு. விஸார்ட் அதே மந்திரத்தை முழுச் சுற்று செலவழித்துப் போட்டால் லெவலுக்கு ஒரு சுற்றுதான் நிற்கும், ஐந்தாம் லெவலில் முப்பது நொடி. சம்மனர் ஒரே ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷனில் போட்டு லெவலுக்கு ஒரு நிமிடம், அதாவது ஐந்து நிமிடம் நிறுத்துகிறார். போதாததற்கு மற்றவர்களுக்கு மூன்றாம் படியில் இருக்கும் ‘ஹேஸ்ட்’ (வேகமூட்டும் மந்திரம்) இவருக்கு இரண்டாம் படி. 2015இல் ‘அன்செயின்ட்’ புத்தகத்தில் ஐடோலனைத் தேவதை, பேய் என்று வகைகளுக்குள் அடைத்து, ஹேஸ்டையும் மூன்றாம் படிக்கே ஏற்றினார்கள்.

இரண்டாம் பதிப்புக்காக 2021இல் வந்த சம்மனர்தான் என் கணக்கில் இதுவரை வந்தவற்றுள் நேர்மையானவர். அவருக்கும் ஐடோலனுக்கும் உயிர்ப்புள்ளி ஒரே பானையில்; சுற்றுக்குரிய மூன்று ஆக்‌ஷனையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், சேர்ந்து இயங்கும் ஒரு சலுகையால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்; அடுத்தடுத்து அடித்தால் பகடையில் வரும் குறைவும் இருவருக்கும் பொது. இரண்டு உடல், ஒரே ஆள். அதே பதிப்பில் சாதாரண மந்திரத்தால் வரவழைக்கும் உயிர்கள் மட்டும் மறுபக்கம் சாய்ந்துவிட்டன: அழைக்க மூன்று ஆக்‌ஷன், பிறகு சுற்றுக்கு ஒன்று கொடுத்துத் தாங்க வேண்டும், வருவதோ ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு இரண்டாம் லெவல் உயிர். பயத்தில் உப்பை அடியோடு குறைத்துவிட்டார்கள்.

கேள்வி: பல்டூர்ஸ் கேட் 3இல் நான் நிறையப் பேரை வரவழைத்துத்தான் ஆடுகிறேன். அதுவும் தப்பா? (வாசகர், எண்ணூர்)

பதில்: தாராளமாக ஆடுங்கள். 2023இல் வந்த அந்தக் கணினி விளையாட்டில் எலிமென்டல் போன்றவற்றுக்கு கான்சன்ட்ரேஷனே வைக்கவில்லை; நீண்ட ஓய்வு வரை கூடவே இருக்கும். மேசை விதியைவிட இது பலமடங்கு தாராளம். ஆனால் பகடையைக் கணினி உருட்டுகிறது, தனியாக ஆடும்போது காத்திருப்பவர் யாரும் இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆடும்போது மட்டும் படையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிக்கு மாறலாமா என்று எங்கள் குழுவில் தகராறு. டுரூயிட் ஆடுபவர் மட்டும் முடியாது என்கிறார். உங்கள் தீர்ப்பு? (வாசகி, மாதவரம்)

பதில்: அவர் ஏன் முடியாது என்கிறார் என்பது தெரிந்ததே. 2024 புத்தகத்தில் கான்ஜர் அனிமல்ஸ் போட்டால் எட்டு விலங்கு வருவதில்லை; தொட முடியாத ஆவிக்கூட்டம் ஒன்று, ஒற்றைப் பெரிய உருவாக, களத்தில் நகர்கிறது. அதற்குப் பத்தடி பக்கத்தில் அகப்பட்ட எதிரி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சோதனையில் தோற்றால் மூன்று பத்துமுகப் பகடை, சராசரி 16.5, தேறினால் ஒன்றுமில்லை. அதற்கு உயிர்ப்புள்ளி கிடையாது, தனி முறை கிடையாது, கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்பதும் குறைவு. பல எதிரிகள் நெருக்கமாக நின்றால் பழைய ஓநாய்களுக்குச் சமமாகக்கூட வரலாம். டாஷா வழியில் வந்த சம்மன் மந்திரங்களில் பெரும்பாலானவையும் அந்தப் புத்தகத்திலேயே சேர்ந்துவிட்டன. ‘சம்மன் பீஸ்ட்’ மூன்றாம் படி ஸ்லாட்டில் நம் கவச எண் 15 எதிரிக்குச் சுற்றுக்குச் சுமார் 10 புள்ளி தரும், எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவும் செய்யும்.

மாறுங்கள் என்பதே என் தீர்ப்பு. ஆனால் அவர் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது: காட்டு விலங்குகள் அழைத்ததும் வந்து பக்கத்தில் நிற்பதற்காக டுரூயிட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு, தொட முடியாத ஒரு கூட்டம் அந்த நிறைவைத் தராது. ஆகவே நடந்துகொண்டிருக்கும் கதை முடியும்வரை பழைய விதியை வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் இரண்டு விலங்குக்கு மேல் போகாமல் கட்டுங்கள். புதிய கதை தொடங்கும்போது 2024க்கு மாறி, அவருக்கு சம்மன் பீஸ்டைக் கொடுத்து, அந்த விலங்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.